எல்லையோரத்து இட்டலிக் கடை

குடும்பத்தோடு வண்டியேறிச் சென்று, பழகிய ஓர் உணவகத்தில் ஒருவேளை உண்டு திரும்புவது சிறிய செயலே. ஆயினும், ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்கு அது சிறிதன்று. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறையில் ஊர் திரும்பும்போது, கோயிலுக்கும் உறவினர் இல்லத்துக்கும் அடுத்தபடியாக நாடிச் செல்லும் இடம் எது? பெரும்பாலும் அது பழைய சிற்றுண்டிச்சாலை ஒன்றே. அத்தகைய இடங்கள் எவ்வாறு தோன்றுகின்றன, எதனால் நிலைக்கின்றன, எதனால் மறைகின்றன என்பதைச் சிறிது ஆராய்வோம். பாலக்காட்டு எல்லைப்புறத்து இராமசேரி என்னும் சிற்றூர் இவ்வாராய்ச்சிக்கு நல்லதொரு சான்றாகும். அங்கே செல்லுமுன், நாம் அறிந்த வேறிரண்டு இடங்களைப் பார்த்துவிடுவோம்.

மோட்டார் வண்டியில் அமர்ந்தபடியே உண்ணும் வழக்கம் அமெரிக்க நாட்டில் வேரூன்றியது. 1921-ஆம் ஆண்டில் டல்லாஸ் நகரில் தோன்றிய 'பிக் ஸ்டாண்ட்' என்னும் உணவகம் இதற்கு முன்னோடி. பணியாளர் வண்டியருகே வந்து வேண்டுவதைக் கேட்டு, தட்டில் ஏந்திக் கொணர்ந்து தருவர். 1940-இல் சான் பெர்னார்டினோ நகரில் மக்டொனால்டு உடன்பிறந்தார் இருவர் திறந்த கடையும் இத்தகையதே. ஆனால் 1948-இல் அவர்கள் அப்பணியாளரை நீக்கினர்; பர்கர் முதலிய சில பண்டங்களை மட்டும் விரைவாகச் செய்து, வாங்குவோர் தாமே வந்து பெற்றுச்செல்லும் முறையை வகுத்தனர். விலை குறைந்தது, விரைவு கூடியது. பழைய முறையோ நாளடைவில் அருகியது.

நம் சென்னை மாநகரிலும் இத்தகைய உணவகம் ஒன்று இருந்தது. உடுப்பிப் பகுதியிலிருந்து வந்து, எளிய வேலையில் தொடங்கி உயர்ந்தவர் கே. கிருஷ்ணராவ். 1938-இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலை நிறுவிய அவர், 1962-இல் கதீட்ரல் சாலையில், மரங்கள் அடர்ந்த தோட்டக்கலைச் சங்க நிலத்தில், 'உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்' உணவகத்தைத் திறந்தார். மர நிழலில் வண்டியை நிறுத்தினால், சன்னலோரம் தட்டு வந்து சேரும். தோசையும் காப்பியும் உண்டபடி குழந்தைகள் பின்னிருக்கையில் குதூகலிப்பர். எழுத்தாளரும் திரைத்துறையினரும் மாணவரும் உள்ளே மேசைகளைச் சுற்றி நெடுநேரம் அமர்ந்து பேசினர். சென்னையை விட்டுச் சென்றவர்கள் திரும்பி வருகையில் முதலில் அங்கே செல்வதை ஒரு சடங்காகவே கொண்டிருந்தனர். 2008-இல் அது மூடப்பட்டது. நிலத்தை அரசு மீட்டுக்கொண்டது. 2010 நவம்பரில் அங்கே செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. மரங்களுக்கு அங்கே இடமுண்டு. தட்டு ஏந்தி வருவோர்தாம் இல்லை. சமையலும் பணியாளரும் நற்பெயரும் குறைவின்றி இருந்தும், காலடி நிலம் தனதாக இல்லாத உணவகத்தின் ஆயுள் அவ்வளவே.

அப்படியானால், எது நீடித்து நிற்கும்? இவ்வினாவோடு மேற்கே செல்வோம்.

மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவராய் நின்று தமிழகத்தையும் கேரளத்தையும் பிரிக்கின்றது. அச்சுவரில் இயற்கை திறந்துவைத்த வாயில் பாலக்காட்டுக் கணவாய். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள அவ்வழியே காற்றும் வணிகரும் நெசவாளரும் உழவரும் நெடுங்காலமாகப் போய்வந்தனர். 1862-க்குள் புகைவண்டியும் அவ்வழியே ஓடத் தொடங்கியது. தெற்கே இடுக்கி மலைகளில் அத்தகைய அகன்ற வாயில் இல்லை. போடி மெட்டையும் குமுளி மலைப்பாதையையும் ஏறித்தான் தமிழ்த் தொழிலாளர் தேயிலைத் தோட்டங்களையும் ஏலத் தோட்டங்களையும் அடைந்தனர். வழிகள் வேறாயினும் சென்றவர் நிலை ஒன்றே: மூட்டையில் துணிமணி சிலவும், கைகளில் ஊர்ச் சமையலின் பழக்கமும் கொண்டு சென்றனர். 1956 நவம்பர் முதல் நாளன்று மொழிவழியே மாநிலங்கள் வகுக்கப்பட்டபோது பாலக்காடும், தேவிகுளமும், பீருமேடும் கேரளத்தில் அமைந்தன. இடுக்கி தனி மாவட்டமானது 1972-இல். கோடு பின்னர் வந்தது. அடுப்பு அதற்கு முன்பே மூட்டப்பட்டிருந்தது.

இராமசேரி, பாலக்காட்டு நகருக்குக் கிழக்கே, எலப்புள்ளியை ஒட்டிய சிற்றூர். அங்குள்ள முதலியார் குடும்பங்களின் முன்னோர் நெசவாளர். காஞ்சிபுரத்திலிருந்து குடிபெயர்ந்து வந்தவர் என்பது வழிவழிச் செய்தி. நெசவில் வருவாய் குன்றியபோது, பெண்டிர் இட்டலி அவித்துக் கூடையில் சுமந்து, வயல்வேலை செய்வோரிடம் விற்றனர். குடும்பம் பிழைக்கக் கண்ட வழி, காலப்போக்கில் ஊரின் பெயரையே உலகுக்கு அறிவித்தது.

இராமசேரி இட்டலி நம் வீட்டு இட்டலி போன்றதன்று. தட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். தோற்றத்தில் சிறு ஆப்பத்தை ஒக்கும். அதனை அவிக்கும் கலமும் தனி வகை. மட்பானையில் நீர் கொதிக்கும். அதன் வாயில் பொருந்தும் மண் வளையத்தில் நூலை வலைபோல் பின்னியிருப்பர். அந்த வலையின்மேல் துணியை விரித்து மாவை வார்த்து, மேலே கவிழ்த்து மூடி அவிப்பர். புளிய விறகே இதற்கு ஏற்றது என்பது அங்குள்ளோர் கொள்கை. மிளகாய்ப் பொடியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தொட்டு உண்பர். விரைவில் கெடாத இயல்புடையதாதலால், வழிப்பயணத்துக்கும் ஏற்ற உணவாயிற்று.

இங்கே நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. நூலும் துணியும் தறிக்கு உரியவை. தறி ஓய்ந்த வீட்டில் அவ்விரண்டும் அடுப்பின்மேல் ஏறின. நூலைக் கட்டி இறுக்கத் தெரிந்த நெசவாளர் கையே இக்கலத்தையும் பின்னியது என்று எண்ணுவதில் தவறில்லை. ஒரு தொழில் நலிந்தபோதும் அதன் கைத்திறன் அழியாமல் மற்றொரு தொழிலுக்குள் குடிபுகுந்தது. இராமசேரிக்கு வாழ்வளித்தது இந்தக் கைத்திறனே. உயர்ந்த மாளிகையோ, நகரின் நடுவே விலைமிக்க மனையோ அதற்குத் தேவைப்படவில்லை.

இன்று கோவையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் குடும்பங்கள் மோட்டார் வண்டியில் இவ்வூரைத் தேடி வருகின்றன. வெளி மாநிலத்தில் வாழும் நம்மவர் பலரும் வாளையாற்றைக் கடந்ததும் இவ்வூருக்குத் திரும்புகின்றனர். கடைக்காரர் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும். வேற்றூரில் பிறந்த நம் பிள்ளைகள், பாட்டி பேசக் கேட்ட சொற்கள் சிலவற்றை அங்கே மீண்டும் கேட்பர். இட்டலியின் சுவையோடு அச்சொற்களும் அவர்கள் நினைவில் தங்கும். இத்தகைய சிறு பயணங்களை நாம் மீண்டும் மீண்டும் மேற்கொள்வதன் காரணம் இதுவே போலும்.

ஆனால், இராமசேரியும் ஆபத்துக்கு அப்பாற்பட்டதன்று. முன்னர்ப் பல குடும்பங்கள் செய்த இத்தொழிலை இன்று விரல்விட்டு எண்ணத்தக்க சில குடும்பங்களே செய்கின்றன. விடியுமுன் எழவேண்டும், புகையில் நிற்கவேண்டும், ஒவ்வொரு முறையும் சில இட்டலிகளையே எடுக்க இயலும். கற்ற பிள்ளைகள் அலுவலகங்களையும் தொழிற்சாலைகளையும் நாடிச் செல்வதில் வியப்பில்லை. நாமும் அவ்வாறு புறப்பட்டவர்கள்தாமே! பிழைப்புத் தேடிப் போனவரைக் குறை கூற நமக்கு உரிமையில்லை.

சென்னை உணவகம் நிலத்தை இழந்து மறைந்தது. இராமசேரி மறையுமாயின், கையை இழந்தே மறையும். நிலத்தைக் காப்பது அரசுக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய வழக்கு; கையைக் காப்பதில் நமக்கும் பங்குண்டு. அவ்வுழைப்புக்கு உரிய விலையை முணுமுணுக்காமல் கொடுக்கலாம். மண் வளையத்தையும் நூல் வலையையும் பிள்ளைகளுக்குக் காட்டி, அவை வந்த வரலாற்றைச் சொல்லலாம். அவித்துத் தருபவரிடம் இரண்டு சொல் அன்போடு பேசலாம். நெசவாளர் ஒருவர் புதிய ஊரில் பிழைக்கக் கண்ட வழியை, புதிய ஊர்களில் பிழைக்கும் நாம் அறியாவிட்டால் வேறு யார் அறிவர்?