மரத்தடி போச்சு, முகம் வந்தது!

கையில் போனும் காதில் வயருமாக அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே!

"சமூக வலைத்தளம் வந்தது, உறவு வளர்ந்தது" என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டுப் போனார். நான் கேட்கிறேன், அதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் உறவே இல்லையா? வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்க அய்யா!

1990களில் தமிழ்.நெட் என்று ஒரு மின்னஞ்சல் குழு இருந்தது. ஆளுக்கொரு எழுத்துரு. இவர் அனுப்பிய கடிதம் அவர் திரையில் கொத்துப் புரோட்டா மாதிரித் தெரியும்! (சிரிப்பு) அத்தனை கஷ்டத்திலும் என்ன செஞ்சாங்க தெரியுமா? 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் 'மதுரைத் திட்டம்' தொடங்கினார். பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் இல்லாமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். ஒருவர் அடித்ததை இன்னொருவர் பிழை பார்த்தார். பல பேர் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததே இல்லை!

இதே தஞ்சைச் சீமையில், 1855ல் பிறந்தார் உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஏடு தேடி, ஒப்பிட்டு, 1887ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். அந்தத் தாத்தா விட்ட இடத்தில் இந்தப் பேரப்பிள்ளைகள் தொட்டார்கள். (கைதட்டல்)

பிறகு யாஹூ குழுமங்கள் வந்தன. 'மரத்தடி', 'ராயர் காப்பி கிளப்' என்று பெயர் வைத்தார்கள். பேரைக் கேட்டாலே உட்கார்ந்து பேசணும்போல இல்ல?

2004ல் ஆர்குட்டும் பேஸ்புக்கும் பிறந்தன. 2009ல் வாட்ஸ்அப். எல்லாம் தலைகீழ்! அங்கே விஷயத்தைச் சுற்றி ஆள் கூடினார்கள். இங்கே ஆளைச் சுற்றி ஆள் கூடுகிறார்கள். அங்கே "நீங்க எழுதினது தப்பு" என்று நாலு பக்கம் மறுப்பு வரும். இங்கே நாலு பக்கம் எழுதினாலும் ஒரு கட்டைவிரல்தான் வருது! சொந்தக்காரர் வீட்டுத் துக்கத்துக்குக்கூட ரெண்டு கைகூப்பின பொம்மையை அனுப்பிட்டு, போய் வந்த மாதிரி இருந்துடறோம். இது வளர்ச்சியா?

எதிரணி கஜா புயலைச் சொல்வார்கள். சொல்லட்டும், நானே ஒத்துக்கறேன். 2018 நவம்பர் 16ல் தென்னை சாய்ந்து, மின்கம்பம் விழுந்து டெல்டா இருண்டபோது, வெளியூர்ப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் பேசித்தான் அரிசியும் தார்ப்பாயும் சேர்த்தார்கள். அன்றைக்கு அது ஏன் ஜெயித்தது? எல்லாருக்கும் ஒரே வேலை இருந்தது. அன்றைக்கு வாட்ஸ்அப்பே மரத்தடியாக மாறியது! ஆனால் இங்கே சார்ஜ் இல்லாமல் போன் செத்துக் கிடந்த வீட்டில் முதலில் எட்டிப் பார்த்தது யார்? பக்கத்து வீட்டுக்காரர்தானே!

கடைசியாக ஒன்று. மேட்டூர் மதகு நம்ம கையில் இல்லை என்பது டெல்டாக்காரனுக்குத் தெரியும். இந்தத் தளங்களின் மதகும் நம்ம கையில் இல்லை. ஆர்குட்டை 2014 செப்டம்பர் 30ல் மூடினார்கள். யாஹூ குழுமங்களை 2020 டிசம்பர் 15ல் மூடினார்கள். பேசின பேச்சு போச்சு. ஆனால் சேர்ந்து செய்த வேலை நிக்குது! மதுரைத் திட்டத்து நூல்களை இன்றைக்கும் காசில்லாமல் படிக்கலாம்.

ஆற்றில் வெள்ளம் வந்தால் மட்டும் நெல் விளையாது. கூடி நின்று வாய்க்கால் வெட்டினால்தான் விளையும். சமூக வலைத்தளம் வெள்ளம்; பழைய குழுக்கள் வாய்க்கால். வாய்க்காலைத் தூர்த்துவிட்டு வெள்ளத்தைக் கொண்டாடாதீர்கள் என்று கூறி, எங்கள் அணிக்கே தீர்ப்பு வழங்க வேண்டி அமர்கிறேன்.