சிறுகார்களில் சைலன்சர், சஸ்பென்ஷன் மாற்றங்கள்: சோழவரம் முதல் டியாகோ ஜே.டி.பி. வரை

தமிழ்நாட்டில் கார்களின் சைலன்சரையும் சஸ்பென்ஷனையும் மாற்றி அமைக்கும் பழக்கம் பந்தயத் தடங்களை ஒட்டி வளர்ந்தது. சென்னையை அடுத்த சோழவரத்தில் 1950களில் தொடங்கிய கார் பந்தயங்கள், கோயம்புத்தூரின் பட்டறைகள், இருங்காட்டுக்கோட்டைத் தடம் ஆகியவை இதன் முதன்மையான களங்கள். 2018இல் கோயம்புத்தூரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து டாடா மோட்டார்ஸ் வெளியிட்ட டியாகோ ஜே.டி.பி. என்ற ஹேட்ச்பேக் கார் வழியாக, பந்தயப் பட்டறையில் உருவான இந்த அறிவு நிறுவன உத்தரவாதத்துடன் விற்பனைக்கூடத்துக்கு வந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த முயற்சி முடிவுக்கு வந்தது.

மாற்றங்களின் இயல்பு

பேச்சுவழக்கில் சைலன்சர் என்ற சொல் எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்த் தொடர் முழுவதையும் குறிக்கிறது. இத்தொடரில் எஞ்சினை ஒட்டிய புகைக்குழாய்த் தொகுதி, நச்சு வாயுக்களைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி, ஒலியை அடக்கும் பெட்டிகள், கடைசிக் குழாய் ஆகியவை உள்ளன. கடைசிப் பெட்டியை மட்டும் மாற்றினால் ஒலி மாறும். திறன் பெரும்பாலும் மாறாது. திறன் கூட வேண்டுமானால் எஞ்சினை ஒட்டிய குழாய்களின் நீளம், விட்டம் ஆகியவற்றோடு எரிபொருள் அளவையும் சேர்த்துத் திருத்த வேண்டும். வினையூக்கி மாற்றியைக் கழற்றிவிட்டால் புகை எளிதாக வெளியேறும். ஆனால் கார்பன் மோனாக்சைடும் எரியாத எரிபொருளும் காற்றில் கலக்கும்.

சஸ்பென்ஷனில் செய்யப்படும் எளிய மாற்றம் காரைத் தாழ்த்துவது. உயரம் குறைந்த, இறுக்கம் கூடிய ஸ்பிரிங்குகளும் அவற்றுக்குப் பொருத்தமான ஷாக் அப்சார்பர்களும் சேர்ந்தே மாற்றப்பட வேண்டும். அப்போது காரின் எடைமையம் தாழ்கிறது. வளைவில் கார் சாய்வது குறைகிறது. செலவைக் குறைக்க இருக்கும் ஸ்பிரிங்கையே ஓரிரு சுற்று வெட்டிவிடும் பழக்கமும் உண்டு. வெட்டிய ஸ்பிரிங் இறுகும். ஆனால் பழைய ஷாக் அப்சார்பர் அந்த இறுக்கத்துக்கு ஏற்றதல்ல என்பதால் பள்ளத்தில் விழுந்த கார் அடங்காமல் துள்ளும். சக்கரம் முழுவதும் கீழிறங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நகரவும் கூடும். சக்கரங்களின் கோணம் மாறுவதால் டயர் ஒருபக்கமாகத் தேயும்.

சோழவரம்

சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. அக்காலத்தில் இந்தியாவில் கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. உள்நாட்டில் கிடைத்தவை அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் எனச் சில வகைகளே. ஹெரால்ட் கார்கள் சென்னையை அடுத்த வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் தயாராயின.

வசதி படைத்த சிலர் வெளிநாட்டுப் பந்தயக் கார்களைக் கொண்டுவந்தனர். மற்றவர்கள் தெருவில் ஓடிய காரையே தடத்துக்குத் தயார் செய்தனர். ஃபியட்டின் எஞ்சினைப் பிரித்து வால்வு வழிகளைத் தேய்த்து அகலப்படுத்துவது, புகைக்குழாயைப் புதிதாக வளைத்து வெல்டிங் செய்வது, ஸ்பிரிங்கைத் தாழ்த்துவது என எல்லாம் உள்ளூர்ப் பட்டறையில் நடந்தன. ஹெரால்டில் இன்னொரு சிக்கல் இருந்தது. அதன் பின்சக்கரங்கள் அச்சோடு சேர்ந்து ஊசலாடும் அமைப்பு கொண்டவை. வேகமாக வளையும்போது பின்சக்கரம் உள்ளே மடங்கி, கார் பிடிப்பை இழக்கும் வாய்ப்பு அதிகம். காரைத் தாழ்த்துவது இதைக் குறைத்தது. ஆகவே அந்தக் காரில் சஸ்பென்ஷன் மாற்றம் பாதுகாப்புத் தேவையாகவும் இருந்தது.

சோழவரத்தின் வேலைகளுக்கு ஓர் எல்லை இருந்தது. மூடிய தடத்தில், ஓட்டுநர் தலைக்கவசத்துடன், பந்தய அதிகாரிகளின் பரிசோதனைக்குப் பிறகு ஓடும் காருக்காகச் செய்யப்பட்டவை அவை.

கோயம்புத்தூர்

கோயம்புத்தூரில் நூற்பாலைகள், பம்ப்செட் தொழில், வார்ப்படச் சாலைகள், லேத் பட்டறைகள் ஆகியவை ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்தன. உலோகத்தில் ஒரு பாகத்தை வரைந்து கொடுத்தால் அதைக் கடைந்து தரும் ஆட்கள் அந்நகரில் இருந்தனர். ஜி.டி. நாயுடுவின் காலத்திலிருந்தே வாகன எஞ்சின்களைப் பிரித்து ஆராயும் ஆர்வமும் அங்கே உண்டு.

இச்சூழலில் எஸ். கரிவர்தன் (1954–1995) பந்தய ஓட்டுநராகவும் கார் வடிவமைப்பாளராகவும் உருவானார். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை 1980களின் பிற்பகுதியில் அவர் உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று அழைக்கப்பட்ட அந்தக் கார், பந்தயத்தில் நுழைவதற்கான செலவைப் பெருமளவு குறைத்தது. பின்னர் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தன் தொடக்க காலத்தில் ஃபார்முலா மாருதி கார்களை ஓட்டியவர்.

எல்லோரும் ஒரே எஞ்சினை ஓட்டும்போது வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பவை நுணுக்கமான சரிசெய்தல்களே. ஸ்பிரிங்கின் இறுக்கம், சக்கரக் கோணம், டயர் காற்றழுத்தம் ஆகியவற்றை அளந்து, குறித்துவைத்து, ஓட்டிப் பார்த்து மாற்றும் முறையை ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் இப்பந்தயங்களில் கற்றனர். 1995இல் சிறுவிமான விபத்தில் கரிவர்தன் மறைந்தார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரால் அமைந்தது.

இருங்காட்டுக்கோட்டை

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் நிரந்தரத் தடம் 1990இல் பயன்பாட்டுக்கு வந்தது. சோழவரத்தின் இடத்தை அது எடுத்துக்கொண்டது. 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள இத்தடத்தில் நீண்ட நேர்வழிகளும் வேகமான வளைவுகளும் உள்ளன. நேர்கோட்டு வேகத்தைவிட வளைவில் காரின் நிலைப்பு முக்கியம் என்ற பாடத்தை இத்தடம் கற்பித்தது. 2010இல் தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் போலோ கோப்பைப் பந்தயம், ஹேட்ச்பேக் ஒன்றை முறையாகப் பந்தயத்துக்கு மாற்றினால் எப்படி இருக்கும் என்பதை இந்தியப் பார்வையாளர்களுக்குக் காட்டியது.

தற்செயலாக அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் ஹூண்டாய் நிறுவனத்தின் ஆலையும் அமைந்தது. 1998இல் சான்ட்ரோ அங்கிருந்து வெளிவந்தது. அதன்பின் ஹேட்ச்பேக் தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பத்தின் காராக மாறியது. காரை மாற்றி அமைக்கும் ஆசையும் பந்தய ஓட்டுநர்களிடமிருந்து பொதுச்சாலை ஓட்டுநர்களிடம் பரவியது. பெரிய வாய் கொண்ட சைலன்சர், தாழ்த்திய ஸ்பிரிங், அகலமான டயர் ஆகியவை சென்னை, கோயம்புத்தூர் கடைகளில் கிடைத்தன. ஆனால் தடத்திலிருந்த பரிசோதனை இக்கார்களுக்கு இல்லை.

டியாகோ ஜே.டி.பி.

ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனத்தை நடத்திய ஜெ. ஆனந்த் முன்னாள் பந்தய ஓட்டுநர். 2017இல் டாடா மோட்டார்ஸும் ஜெயமும் சமபங்காக ஜே.டி. ஸ்பெஷல் வெஹிக்கிள்ஸ் என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. அந்நிறுவனம் உருவாக்கிய டியாகோ, டிகோர் கார்களின் ஜே.டி.பி. வடிவங்கள் 2018 பிப்ரவரியில் டெல்லி வாகனக் கண்காட்சியில் காட்டப்பட்டன. அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று விற்பனைக்கு வந்தன. டியாகோ ஜே.டி.பி.யின் தொடக்க விலை 6.39 லட்சம் ரூபாய்.

சாதாரண டியாகோவின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 85 குதிரைத்திறன் தந்தது. ஜே.டி.பி.யில் அதே கொள்ளளவுள்ள டர்போ எஞ்சின் 114 குதிரைத்திறனும் 150 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைப் பத்து விநாடிக்குள் எட்டும் என நிறுவனம் அறிவித்தது. காற்று உள்ளிழுக்கும் வழியும் புகைக்குழாயும் கனத்த ஒலி வரும்படி திருத்தப்பட்டன. ஸ்பிரிங்குகளும் ஷாக் அப்சார்பர்களும் இறுக்கப்பட்டன. 15 அங்குலச் சக்கரங்களில் அகலமான டயர்கள் பொருத்தப்பட்டன.

இவ்வளவு மாற்றங்களிலும் காரின் தரை இடைவெளி 170 மில்லிமீட்டரிலிருந்து 166 மில்லிமீட்டராக, அதாவது நான்கு மில்லிமீட்டர் மட்டுமே குறைந்தது. பட்டறைகளில் காரைத் தாழ்த்துவோர் இதைப் போலப் பல மடங்கு தாழ்த்துவது வழக்கம். பந்தய அனுபவமுள்ள குழு இந்தியச் சாலைக்காகச் செய்த தேர்வு இது. வேகத்தடைகளும் பள்ளங்களும் உள்ள சாலையில், ஸ்பிரிங் அசைய இடம் இருந்தால்தான் சக்கரம் தரையைப் பிடித்திருக்கும். வளைவில் காரின் நடத்தையைத் தீர்மானிப்பதில் உயரத்தைவிட ஸ்பிரிங்குக்கும் ஷாக் அப்சார்பருக்கும் உள்ள பொருத்தம் பெரிது என்பதை இக்கார் எடுத்துக்காட்டியது.

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. ஒவ்வொரு எஞ்சினையும் புதிய விதிக்கு ஏற்ப மாற்றிச் சான்று பெறச் செலவாகும். குறைந்த எண்ணிக்கையில் விற்கும் கார்களுக்கு அச்செலவு சுமை. ஜே.டி.பி. கார்கள் புதிய விதிக்கு மாற்றப்படவில்லை. 2020இல் கூட்டு முயற்சியும் முடிவுக்கு வந்தது.

அதன் பின் பெரிய நிறுவனங்கள் இவ்வகைக் கார்களைத் தாமே தயாரித்தன. ஹூண்டாய் 2021 செப்டம்பரில் ஐ20 என் லைன் காரை வெளியிட்டது. இறுக்கமான ஷாக் அப்சார்பர், கனத்த ஒலி தரும் இரட்டைக் குழாய் சைலன்சர், நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் ஆகியவை அதில் இருந்தன.

சட்ட நிலை

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகனத்தில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. 2000இல் திருத்தப்பட்ட பின், பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதை அது தடுக்கிறது. கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பொன்றை மாற்றி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவின் பொருளை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒலி, காற்று மாசு வரம்பை மீறி ஓட்டுவதற்கு 190ஆம் பிரிவின் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

இதன் விளைவாக, ஒரே வகையான மாற்றத்தை உற்பத்தியாளர் செய்து சான்று பெற்றால் அது விற்பனைக்குரிய கார். உரிமையாளர் பட்டறையில் செய்தால் குற்றமாகலாம். மாற்றத்தைத் தெரிவிக்காத காருக்கு விபத்துக்குப் பின் காப்பீட்டுத் தொகை பெறுவதிலும் சிக்கல் எழலாம். மூடிய தடத்தில் மட்டும் ஓடும் பந்தயக் கார்கள் பொதுச்சாலை விதிகளின் கீழ் வருவதில்லை.

கடலோர ஊர்களில்

இச்சட்டம் மத்திய அரசின் சட்டம். ஆகவே தமிழ்நாட்டில் பதிவான காருக்கும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலின் பி.ஒய். 02 பதிவெண் கொண்ட காருக்கும் அது ஒன்றே. காரைக்காலுக்கு வடக்கே உள்ள கோட்டுச்சேரிமேடு போன்ற கடலோர மீனவ ஊர்களில் சட்டத்தோடு உப்புக்காற்றும் கணக்கில் வருகிறது. ஆலையிலிருந்து வரும் குழாய்கள் பெரும்பாலும் துருவைத் தாங்கும் எஃகால் ஆனவை. சாதாரண இரும்புக் குழாயில் செய்த பட்டறை சைலன்சர் வெல்டிங் ஓரங்களில் முதலில் அரிக்கப்படும். ஓட்டை விழுந்த குழாயிலிருந்து கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ இல்லை. கண்ணாடி ஏற்றிய காருக்குள் அது புகுந்தால் உயிருக்கே ஆபத்து. வெட்டிய ஸ்பிரிங்கின் முனையில் மேற்பூச்சு போய்விடுவதால் அங்கும் துரு ஏறும். நிலம் தாழ்ந்த டெல்டாவில் மழைக்காலத்தில் சாலையில் நீர் நிற்பது வழக்கமென்பதால், தாழ்த்திய காரின் அடிப்பகுதி விரைவில் பாதிக்கப்படும்.

வரலாற்று இடம்

தமிழ்நாட்டின் கார் மாற்ற வரலாறு பற்றாக்குறையிலிருந்து தொடங்கியது. நல்ல கார் கிடைக்காத காலத்தில் கிடைத்த காரை நல்லதாக்கும் கைத்திறனாக அது வளர்ந்தது. சோழவரமும் கோயம்புத்தூரும் அக்கைத்திறனுக்கு அளவையும் ஒழுங்கையும் தந்தன. டியாகோ ஜே.டி.பி. அதைச் சான்று பெற்ற பொருளாக்கியது. விற்பனையில் அது சிறிய முயற்சியே. எனினும் உள்ளூர்ப் பந்தயப் பட்டறை ஒன்றின் அறிவு, சோதனைக்கும் பொறுப்பேற்புக்கும் உட்பட்டு, நடுத்தர வருவாயுள்ளவர் வாங்கக்கூடிய விலையில் சட்டப்படி சாலைக்கு வந்தது என்ற வகையில் அது இந்திய வாகன வரலாற்றில் முக்கியமானது.