நைஸ்: ஒரு முட்டாள் நல்லவன் ஆன கதை

மக்களே, 1300 வாக்குல இங்கிலாந்துல ஒருத்தரைப் பார்த்து 'நீங்க ரொம்ப நைஸ்'னு சொல்லியிருந்தா, கைகலப்பே ஆகியிருக்கும். ஏன்னா அப்போ அந்தச் சொல்லுக்கு முட்டாள்னு அர்த்தம்!

மூலம் லத்தீன். 'நெ' என்றால் இல்லை, 'ஸ்கிரே' என்றால் அறிதல். ரெண்டும் சேர்ந்து உருவான 'நெஸ்கியுஸ்' என்றால் எதுவும் அறியாதவன். அது பழைய பிரெஞ்சு வழியா ஆங்கிலத்துக்குள்ள நுழைஞ்சது. அதே 'ஸ்கிரே'யில இருந்து கிளைச்சதுதான் சயின்ஸ். ஆக, நைஸும் சயின்ஸும் பங்காளிங்க :-)

14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர்கூட இதை முட்டாள்தனம் என்ற பொருள்ல எழுதியிருக்கார். அப்புறம் அர்த்தம் மெல்ல நகர ஆரம்பிச்சது. முட்டாள், கூச்சக்காரன், எதுக்கெடுத்தாலும் பிகு பண்றவன்னு மாறி, 16ஆம் நூற்றாண்டுல நுணுக்கம், துல்லியம்னு ஆச்சு. நுட்பமான வேறுபாட்டை இன்னிக்கும் ஆங்கிலத்துல 'நைஸ் டிஸ்டிங்ஷன்'னு சொல்றது அந்த மிச்சம்தான். 'இனிமையான' என்ற பொருள் வந்தது 18ஆம் நூற்றாண்டுல. 'அன்பான' என்பது அதுக்கும் பின்னாடி.

இந்தப் புது அர்த்தம் எல்லாருக்கும் பிடிக்கலை. 1817 கடைசியில வெளியான ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபி' நாவல்ல, ஒரு புத்தகத்தை நைஸ்னு சொன்ன கேத்தரினை ஹென்றி டில்னி ஓட்டு ஓட்டுன்னு ஓட்டுவார். ஆதியில நேர்த்தி, நுட்பம் இதுக்கெல்லாம் மட்டுமே பயன்பட்ட சொல்லாம், இப்போ எல்லாத்துக்கும் இதையே சொல்றாங்களாம். பாவம், அவர் சொன்ன 'ஆதி'க்கும் முன்னாடியே அங்கே ஒரு முட்டாள் உட்கார்ந்திருக்கான்!

நம்மாளுங்களும் சும்மா இருக்கலை. மாவை நைசா அரைக்கிறோம், மீட்டிங்ல இருந்து நைசா நழுவுறோம். ரெண்டாவது அர்த்தம் வெள்ளைக்காரனுக்கே தெரியாது. யுனிக்ஸ்ல 'நைஸ்' ஒரு கட்டளை. -20 முதல் 19 வரை எண் கொடுக்கலாம். எண் கூடக்கூட அந்த ப்ராசஸ் மத்ததுக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கும். நிஜமாவே நல்ல மனசு!

'இந்தச் சொல்லோட உண்மையான அர்த்தம் இதுதான், நீ சொல்றது தப்பு'ன்னு அடுத்தவங்க பேச்சைத் திருத்தக் கிளம்பறவங்ககிட்ட எனக்கு ஒரே கேள்விதான்: எந்த வருஷத்து உண்மை? வேர்ச்சொல்லைத் தோண்டினா சொல் வந்த வழி தெரியும். அது எங்கே போகணும்னு முடிவு பண்றது அதைப் பேசுற சனங்கதான். தமிழுக்கும் இதே கதைதாங்க.

பின்னூட்டத்துல 'நைஸ்'னு போடப் போறவங்க, எந்த நூற்றாண்டு அர்த்தம்னு சேர்த்துச் சொல்லிடுங்க சாமி!