சாம்பலும் சவர்க்காரமும்

உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தை வீட்டிலேயே செய்து பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்னும் அறிவுரை, விலைவாசி ஏறும்போதெல்லாம் நம் காதில் விழுகின்றது. 2022 ஆம் ஆண்டு ஏப்ரலில் இலங்கை அரசு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைத்தது. அவ்வாண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, பணவீக்கம் நூற்றுக்கு எழுபது வீதத்தை எட்டிப் பிடித்தது. அத்தகைய காலத்தில் ஒரு கட்டிச் சவர்க்காரத்தையும் எண்ணி எண்ணியே ஏழைக் குடும்பம் வாங்க வேண்டியிருந்தது. சிக்கனம் நற்பண்புதான், மறுப்பார் இல்லை. ஆயின், மிச்சமாகும் அந்தப் பணம் யாருடைய உழைப்பிலிருந்து பிறக்கின்றது? சவர்க்காரத்தின் வரலாறு இக்கேள்வியை நம்முன் வைக்கின்றது.

கொழுப்பும் காரமும் கூடிப் பிறப்பதே சவர்க்காரம். விறகுச் சாம்பலில் நீரை ஊற்றி வடித்தெடுத்தால் காரநீர் கிடைக்கும். அதனைக் கொழுப்புடன் சேர்த்துக் காய்ச்சினால் களி போன்ற மென்மையான சவர்க்காரம் உண்டாகும். உப்பைச் சேர்த்தால் அது இறுகும். அமெரிக்காவிற் குடியேறிய ஐரோப்பியக் குடும்பங்களில் இவ்வேலை பெண்களுடையதாக இருந்தது. மாரி முழுவதும் அடுப்புச் சாம்பலையும் இறைச்சிக் கொழுப்பையும் சேர்த்து வைத்து, பின்னர் பெரிய இரும்புப் பானையிலிட்டு முற்றத்திற் காய்ச்சினர். காரநீர் பதமாயிற்றா என்பதை அதில் முட்டையை மிதக்கவிட்டு அறிந்தனர். கண்ணெரியப் புகையில் நின்ற அந்தப் பெண்ணுக்குக் கூலி கொடுத்தவர் எவருமில்லை. ஆகவே சவர்க்காரம் “இலவசமாக”க் கிடைத்தது என்றார்கள்!

நமது நாட்டில் இந்தப் பாரம் வேறொரு தோளில் ஏற்றப்பட்டது. உவர்மண்ணும் சாம்பல் நீரும் கொண்டு துணியை ஊறவைத்து, வெள்ளாவியில் அவித்து, துறையில் அடித்து வெளுத்தவர்கள் சலவைத் தொழிலாளர். ஊரின் அழுக்கைப் போக்கிய அம்மக்களையே யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பு தீண்டத்தகாதோர் என ஒதுக்கிக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தியது. வெள்ளை வேட்டியின் பெருமை உடுத்தவனுக்கு. அதனை வெண்மையாக்கிய கைக்கோ இழிவு!

இங்கிலாந்தின் கதையும் இதற்கு இளைத்ததன்று. 1643 ஆம் ஆண்டில் அங்கு சவர்க்காரத்தின் மீது வரி விதிக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இறாத்தலுக்கு மூன்று பென்ஸ் வரை உயர்ந்தது. 1833 இற் பாதியாகக் குறைந்தது. வரி ஏய்ப்பைத் தடுக்கவென அதிகாரிகள் கொதிகலன்களுக்குப் பூட்டுப் போட்டு வைத்தனர். சவர்க்காரத்தை வாங்க இயலாத ஏழைகள் சாம்பல் நீரையும் புளித்த சிறுநீரையும் கொண்டு துணி வெளுத்தனர். 1853 இல் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் அவ்வரியை நீக்கும்வரை, தூய்மையும் ஓர் ஆடம்பரப் பொருளாகவே இருந்தது.

வரி நீங்கியபின் ஆலைகள் பெருகின. 1880களில் லீவர் சகோதரர்கள் ‘சன்லைற்’ சவர்க்காரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். அக்கட்டிச் சவர்க்காரம் பெண்களின் வேலையைக் குறைத்தது உண்மையே. ஆனால் அதற்கு வேண்டிய எண்ணெய் எங்கிருந்து வந்தது? மேற்கு ஆபிரிக்காவின் செம்பனையிலிருந்தும் இலங்கை போன்ற நாடுகளின் தென்னையிலிருந்தும் வந்தது. 1911 இல் பெல்ஜியக் கொங்கோவில் லீவர் பெற்ற பெருநிலங்களிற் கட்டாய உழைப்பும் நுழைந்தது. நமது தேங்காயெண்ணெய் கப்பலேறிச் சீமைக்குச் சென்றது. சவர்க்காரமோ விலையேறிய பொருளாகத் திரும்பி வந்தது. 1938 இற்றான் கொழும்பிலே லீவர் ஆலை எழுந்தது.

பற்றாக்குறை எல்லாக் காலத்திலும் வரக்கூடியதே. அதனை எவ்வாறு பங்கிடுகிறோம் என்பதிலேயே ஒரு சமுதாயத்தின் நீதி தெரியும். இரண்டாம் உலகப் போரின்போது, கொழுப்பும் எண்ணெயும் உணவுக்குத் தேவைப்பட்டமையால், 1942 பெப்ரவரியில் பிரித்தானியா சவர்க்காரத்தைப் பங்கீட்டின் கீழ்க் கொண்டுவந்தது. 1950 வரை அது நீடித்தது. செல்வனுக்கும் ஏழைக்கும் ஒரே பங்கீட்டு அட்டை! குறையை எல்லோரும் சேர்ந்து சுமந்தனர்.

வடக்கில் நடந்ததோ வேறு. 1990 யூனிற் போர் மீண்டும் மூண்டபின், வடபகுதியின் மீது பொருளாதாரத் தடை இறுகியது. சவர்க்காரம் அரிதாயிற்று, கிடைத்ததும் யானை விலை விற்றது. அப்போது மக்களின் கை பனையை நாடியது. ஆவணி, புரட்டாதியில் உதிரும் பனம்பழத்தைப் பிழிந்து, அதன் களியை உடுப்பிலே தேய்த்துத் தோய்த்தனர். நுரை எழுந்தது; அழுக்கும் ஓரளவு நீங்கியது. பனம்பழக் களியில் ‘பிளபெலிபெரின்’ எனப்படும் சப்போனின் பொருள்கள் உள்ளமையை விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டியுள்ளனர். சப்போனின்களின் இயல்பே நீரில் நுரைப்பதாகும். கொடியிற் காயும் உடுப்பை, பழவாசனைக்கு வந்த மாடுகள் சப்பிவிட்ட கதையை அக்காலத்தவர் இன்றும் சிரித்தபடி சொல்வர். ஆனால் அந்தச் சிரிப்பின் அடியில், பழம் பொறுக்கி, பிழிந்து, தும்பு நீக்கி, மஞ்சட்கறை போக இரண்டு முறை நீரிறைத்து அலசிய பெண்களின் உழைப்பு மறைந்து கிடக்கின்றது. மக்களின் ஆற்றலைப் போற்றுவோம். அதனைக் காட்டித் தடையின் கொடுமையை மறக்கச் செய்வோருக்கு இடங்கொடோம்.

இனி, இன்றைய கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோகிராம் தேங்காயெண்ணெய் முழுவதும் சவர்க்காரமாக ஏறத்தாழ 180 கிராம் கோஸ்டிக் சோடா வேண்டும். சோடாவை நீரில் மெல்ல மெல்ல இடவேண்டும். சோடாவின் மீது நீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். அளவு மிஞ்சினால் கையைப் பொசுக்கும். கண்ணிற் பட்டால் பார்வையே போகலாம். வார்த்த கட்டிகளைச் சில வாரங்கள் உலரவிட வேண்டும். கறிக்கு ஊற்றும் எண்ணெயையே கடையில் விலை கொடுத்து வாங்கிச் சவர்க்காரமாக்கும் குடும்பத்திற்கு மிஞ்சுவது சொற்பமே. சொந்தத் தென்னை உள்ளவனுக்கே இச்சிக்கனம் முழுமையாகக் கைகூடும். அங்கும், பிள்ளைகள் ஓடித்திரியும் குசினியில் காரத்தோடு போராடும் தாயின் நேரத்தை எவரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை.

ஆதலால் வீட்டுச் சவர்க்காரம் வேண்டாம் என்கிறோமா? இல்லை. அறிவும் பயிற்சியும் எல்லோர்க்கும் உரியன. ஆனால் தனித்தனி அடுப்பிலே தனித்தனிப் பெண் வேகுவதைச் சிக்கனம் எனப் புகழ்வதை விடுத்து, அந்த வேலையைப் பொதுவாக்க வேண்டும் என்கிறோம். வடக்கிலே பனை, தென்னை வளத் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் நெடுங்காலமாக இயங்கி வருகின்றன. அத்தகைய அமைப்புக்கள் எண்ணெயை மொத்தமாகக் கொள்முதல் செய்து, பாதுகாப்பான கூடமொன்றில், கூலி பெறும் தொழிலாளரைக் கொண்டு சவர்க்காரம் செய்யுமாயின், மிச்சமாகும் பணம் உண்மையான மிச்சமாகும். எவருடைய முதுகும் இரகசியமாக வளையாத சிக்கனமே சிக்கனம். நமது உடுப்பு வெளுக்க இன்னொருவரின் கை வேகவேண்டும் என்றால், அந்த வெண்மையிலும் கறை உண்டு.