பேனாக்கத்தி: பழைய உடல், புதிய எஃகு

பிடியின் முதுகோடு ஓடும் ஓர் எஃகு வில்லின் அழுத்தத்தால் மட்டுமே அலகு திறந்தும் மூடியும் நிற்கும் மடக்குக்கத்தியே மரபுவழிப் பேனாக்கத்தி. பூட்டு கிடையாது. ஒரு கையால் தள்ளித் திறக்கும் குமிழும் கிடையாது. அலகின் பக்கத்தில் வெட்டியிருக்கும் குழியில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து இழுத்தால் வில் முதலில் முரண்டுபிடிக்கும். சில கத்திகள் பாதி வழியில் ஒருமுறை நின்றுபோகும். அப்புறம் ‘டக்’ என்று அலகு நேராக வந்து நிற்கும். அந்தச் சத்தத்தை வைத்தே வேலைத்தரத்தைக் கணிக்கிறவர்கள் உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 17ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய இந்த அமைப்பு இன்றும் அநேகமாக அப்படியே இருக்கிறது. அதன் அலகுக்கு மட்டும், கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில், விமான எஞ்சினுக்கும் பிளாஸ்டிக் வார்ப்பு அச்சுக்கும் உருவான உயர்கலப்பு எஃகுகளும் அவற்றின் வாரிசுகளும் வந்து சேர்ந்திருக்கின்றன.

வடிவங்களுக்குப் பெயர் உண்டு. பிடியின் தலைப்பக்கம் நீண்ட உலோகக் காப்பு இருந்தால் அது பார்லோ. ஒரே நீளத்தில் இரண்டு அலகுகள் இருந்தால் டிராப்பர். கால்நடை வளர்ப்பவர்களின் ஸ்டாக்மேனுக்கு மூன்று அலகுகள்: பொதுவேலைக்குக் கூர்முனை அலகு, இழுத்து அறுக்க நேர்விளிம்பு அலகு, காயடிக்க மழுங்கிய முனை கொண்ட ஸ்பே அலகு. சுண்டுவிரல் அளவுள்ளது பீநட்.

எஃகின் முன்கதை

ஷெஃபீல்டு கத்திக்காரர்களுக்குப் புதிய எஃகோடு சண்டை புதிதல்ல. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில் உருக்கி வார்த்த சீரான எஃகைக் கொண்டுவந்தபோது, அது தங்கள் வேலைக்கு மிகக் கடினம் என்று உள்ளூர்க்காரர்கள் ஒதுக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வாங்கிக் கத்தி செய்து அனுப்பிய பிறகுதான் ஷெஃபீல்டு விழித்துக்கொண்டது. எஃகைப் பற்றி இன்று பட்டறைகளில் கேட்கும் புலம்பல் ஏறத்தாழ அதேதான்.

மூசை எஃகு தென்னிந்தியாவுக்கு அதைவிடப் பல நூற்றாண்டு முந்தைய சங்கதி. கொங்குநாட்டுக் கொடுமணல் அகழாய்வில் இரும்பு, எஃகுத் தொழிலின் தடயங்கள் கிடைத்துள்ளன. ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்று அழைத்த இந்திய எஃகை ஆராய்ந்தவர்களில் மைக்கேல் ஃபாரடேயும் ஒருவர். லண்டன் கத்தி வினைஞர் ஜேம்ஸ் ஸ்டோடர்ட்டுடன் சேர்ந்து 1820இலும் 1822இலும் எஃகுக் கலவைகளைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார். வூட்ஸ் வாள்களின் அலைவரிக்கு, எஃகில் மிக நுண்ணிய அளவில் கலந்திருந்த வெனேடியம் போன்ற தனிமங்கள் காரணம் என்று 1990களில் ஜான் வெர்ஹோவனும் கொல்லர் ஆல்ஃபிரட் பென்ட்ரேயும் காட்டினார்கள். இன்றைய கத்தி எஃகுகளில் அதே வெனேடியத்தை 4%, 9% என்று அளந்து போடுகிறார்கள்.

19ஆம் நூற்றாண்டு முதல் பேனாக்கத்தியின் சாதாரண எஃகு வெறும் கரிம எஃகுதான். அதன் இன்றைய பிரதிநிதி ‘1095’: இரும்பும், ஏறக்குறைய 0.95% கரிமமும், கொஞ்சம் மாங்கனீசும். எளிதில் பதம் ஏறும், கல்லில் இரண்டு இழுப்பில் கூர் வரும். ஆனால் ஆப்பிளோ எலுமிச்சையோ வெட்டிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் கறுக்கும், துருப்பிடிக்கும். 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி குரோமிய எஃகை உருவாக்கிய பின் துருப்பிடிக்காத அலகுகள் பரவின. ஆனால் அவற்றில் கரிமம் குறைவு. கூர் சீக்கிரம் மழுங்கும். துருவா, மழுங்கலா என்று ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டிய நிலைமை பல பத்தாண்டுகள் நீடித்தது.

புதிய எஃகு வந்த வழி

1970களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கத்தி வினைஞர் பாப் லவ்லெஸ், எஞ்சின் பேரிங்குகளுக்கென உருவான 154சிஎம் எஃகைக் கத்திக்குக் கொண்டுவந்தார். 14% குரோமியம், 4% மாலிப்டினம், 1%க்குச் சற்று மேல் கரிமம்: துருவும் பிடிக்காது, கூரும் நிற்கும். அதே காலத்தில் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் குரூசிபிள் நிறுவனம் பொடி உலோகவியலை வணிக அளவில் தொடங்கியது. உருகிய எஃகை நைட்ரஜன் வாயுவால் பீய்ச்சி அடித்தால் அது துளித்துளியாகச் சிதறி, கணத்தில் உறைந்து பொடியாகும். அந்தப் பொடியைக் கலனில் அடைத்து, உயர் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்கினால் திண்ம எஃகு. வார்த்த எஃகு மெதுவாக ஆறும்போது, கரிமமும் உலோகமும் சேர்ந்த கடினமான கார்பைடு துகள்கள் பருத்துத் திரளும். இங்கே அதற்கு நேரமே கிடைப்பதில்லை. பெருமளவு வெனேடியம் சேர்த்தும் நொறுங்காத எஃகு கிடைத்தது இதனால்தான்.

இந்த முறையில் வந்த எஸ்30வி, கத்திக்கென்றே வடிவமைத்து 2001இல் வெளியானது. ஆஸ்திரியாவின் போலர் தரும் எம்390, 20% குரோமியமும் 1.9% கரிமமும் கொண்டது. சுவீடனின் டமாஸ்டீல் நிறுவனம் செய்யும் ஆர்டபிள்யூஎல்34, லவ்லெஸின் பெயரெழுத்துகளைச் சுமக்கிறது. 2021இல் உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்த மேக்னாகட், குரோமியத்தை 11%க்கும் கீழே இறக்கி, பருத்த குரோமியக் கார்பைடுகளையே தவிர்த்தது. துரு எதிர்ப்பும் முறியாத உறுதியும் ஒன்றாக வாய்த்த எஃகு என்று பெயர் வாங்கியது.

பேனாக்கத்திக்குள் இவற்றை நுழைத்தவர்களில் இந்தியானா மாநில வினைஞர் டோனி போஸ் முக்கியமானவர். பழைய வடிவங்களை அச்சுப்பிசகாமல் எடுத்து, 154சிஎம் போன்ற எஃகில் செய்தார். பென்சில்வேனியாவின் கேஸ் நிறுவனம் அவருடன் சேர்ந்து வெளியிட்ட வரிசை, ஆலைத் தயாரிப்பிலும் இது சாத்தியம் என்று காட்டியது. இத்தாலியின் மனியாகோவில் இருக்கும் லயன்ஸ்டீல் எம்390 அலகோடு பார்லோ செய்தது. அந்த ஊரின் கத்தித்தொழில் 1453இல் வெட்டிய வாய்க்காலின் நீர்விசையில் வளர்ந்தது. நவீனப் பூட்டுக்கத்திகளுக்குப் பேர்போன அமெரிக்க நிறுவனமான பெஞ்ச்மேட், ‘பிராப்பர்’ என்ற பேனாக்கத்தியை எஸ்30வி அலகோடு கொண்டுவந்தது.

இந்த ஆர்வத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டப்படி, 3 அங்குலத்துக்கு மேற்படாத வெட்டுவிளிம்புள்ள மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமல் பையில் வைத்திருக்கலாம். பூட்டு இருந்தால் அந்தச் சலுகை இல்லை என்பதை 1993ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று உறுதிசெய்தது. ஜெர்மனி 2008இல், ஒற்றைக் கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்திகளைப் பொது இடத்தில் கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்தியது. நல்ல எஃகும் வேண்டும், சட்டத்துக்கு உட்படவும் வேண்டும் என்பவர்களுக்குத் தாத்தா காலத்துக் கத்தியே வழியாயிற்று.

பட்டறையில் நடப்பது

கரிம எஃகுத் தகட்டிலிருந்து அச்சுப்பொறியால் அலகுகளைப் பிஸ்கட் போலக் குத்தி எடுத்துவிடலாம். பொடி எஃகில் அச்சே தேய்ந்துபோகும். ஆகவே லேசரிலோ நீர்த்தாரையிலோ வெட்டுகிறார்கள். 1095ஐ ஏறத்தாழ 800 பாகை செல்சியஸில் சூடேற்றி எண்ணெயில் தோய்த்து, பிறகு இளக்கினால் முடிந்தது. உயர்கலப்பு எஃகுக்கு 1,050 பாகைக்கு மேல் துல்லியமான உலை, விரைவான குளிர்விப்பு, பெரும்பாலும் திரவ நைட்ரஜன் குளிர்ச்சி, அதன்பின் இருமுறை இளக்குதல் எல்லாம் தேவை. சாணைப் பட்டையும் மளமளவெனத் தேய்கிறது. பழைய பேனாக்கத்தியின் கண்ணாடிப் பளபளப்பை வெனேடியம் மிகுந்த எஃகில் கொண்டுவர மெருகுக்காரர் படாத பாடு படுவார். கடினமான துகள்கள் மேடாக நிற்க, பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் தெரியும்.

வில்லுக்கு இந்த எஃகு தேவையில்லை. அலகைவிட நன்றாகக் குறைந்த கடினத்துக்கே வில்லைப் பதம் வைப்பார்கள், இல்லாவிட்டால் முறியும். கவனம் வேண்டியது அலகின் அடித்தண்டில். மூடியிருக்கும்போது வில்லின்மேல் தங்குவது அடித்தண்டிலுள்ள சிறு முட்டு. வெட்டுவிளிம்பு வில்லைத் தொடாமல் ஒரு மயிரிழை உயரத்தில் நிற்க வேண்டும். கையை விட்டதும் வில்லே அலகை இழுத்து ‘படக்’ என மூடும்போது விளிம்பு வில்லில் மோதினால், மென்மையான கரிம எஃகில் நெளிவு விழும், 61 ராக்வெல் கடினமுள்ள அலகிலோ சிறு பல் உடையும். வருடக்கணக்காகச் சாணை பிடித்து அலகு தேய்ந்தால் முனை மெல்ல வெளியே தலைகாட்டிப் பையைக் கிழிக்கும். முட்டைக் கொஞ்சம் அராவினால் முனை உள்ளே போய்விடும். எஃகு எதுவானாலும் இந்தச் சிகிச்சை ஒன்றுதான்.

உண்மையில் என்ன மாறுகிறது?

விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை என்பதுதான் நேர்மையான பதில். ஒரு கத்தி எவ்வளவு சுகமாக வெட்டுகிறது என்பதைத் தீர்மானிப்பது விளிம்புக்குப் பின்னாலுள்ள கனம். பழைய பேனாக்கத்திகள் மெலிந்த அலகால்தான் பேர் வாங்கின. எம்390ஐத் தடித்த ஆப்பாகச் சாணை பிடித்துவிட்டால், மெல்லிய 1095 அதைச் சுலபமாகத் தோற்கடிக்கும். எஃகு தீர்மானிப்பது அந்த வெட்டு எத்தனை நாள் நீடிக்கும் என்பதை. அட்டைப்பெட்டி, கயிறு, தோல் போன்றவற்றை அறுப்பவருக்கு அந்த வித்தியாசம் கைக்குத் தெரியும். பழம் நறுக்கிக் கடிதம் பிரிப்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது. துரு பிடிக்காதது மட்டும் மிச்சம்.

தீட்டும் கல்லும் மாற வேண்டும். இயற்கைத் தீட்டுக்கற்களின் வெட்டும் பொருள் பெரும்பாலும் குவார்ட்ஸ். அமெரிக்கத் தாத்தாக்களின் ஆர்கன்சாஸ் கல்லும் அதுவே. வெனேடியக் கார்பைடு குவார்ட்ஸைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கடினமானது, அலுமினிய ஆக்சைடையும் மிஞ்சுவது. ஆகவே எஸ்30வி போன்ற அலகுகளுக்கு வைரத் தகடு வைத்திருப்பது நல்லது. 154சிஎம்மின் பொடி வடிவமான சிபிஎம்-154, சுவீடனின் 14சி28என் போன்றவை சாதாரணச் செயற்கைக் கல்லுக்கே படியும். மெல்லிய விளிம்பையும் தாங்கும். பேனாக்கத்தி என்ற வடிவத்துக்கு இந்த நடுத்தர எஃகுகளே இயல்பான பொருத்தம் என்று தோன்றுகிறது. தேய்மான எதிர்ப்பில் முதலிடம் பிடிக்கும் எஃகுகளுக்கு இவ்வளவு சிறிய அலகில் வேலை குறைவு.

பலரும் கவனிக்காத இன்னொரு மாற்றம், அலகுகளின் எண்ணிக்கை. ஒன்று மழுங்கினால் அடுத்ததை எடுக்கலாம், முரட்டு வேலைக்கு ஒன்று, சுத்தமான வேலைக்கு ஒன்று என்பதற்காகவும் பழைய கத்திகள் இரண்டு மூன்று அலகு சுமந்தன. நவீன எஃகில் வரும் பேனாக்கத்திகளில் பெரும்பாலானவை ஒற்றை அலகுக் கத்திகள். விலையும் ஒரு காரணம். ஒரு அலகே நாள் முழுக்கத் தாங்கும் என்பது இன்னொன்று. ஸ்டாக்மேன் போன்ற வடிவங்கள் புதிய எஃகில் அரிதாகவே கிடைக்கின்றன.

பிடியும் பிடிவாதமும்

பிடியில் செதுக்கிய மாட்டெலும்பு, கருங்காலி, மான்கொம்பு ஆகியவை இன்றும் மவுசு குறையாதவை. பிசினில் இறுக்கிய துணியான மைகார்ட்டாவும் கார்பன் இழையும் சேர்ந்துகொண்டன. மான்கொம்பில் உயர்ந்ததாகக் கருதப்பட்டது நம் காடுகளில் திரியும் மிளாவின் கொம்பு. உள்ளே பஞ்சுபோன்ற பகுதி குறைந்து, புறம் கெட்டியாக இருப்பதால் ஷெஃபீல்டும் அமெரிக்காவும் அதைத் தேடி வாங்கின. 1990களின் இறுதியில் இந்தியா அதன் ஏற்றுமதியைத் தடைசெய்த பிறகு பழைய இருப்பின் விலை ஏறிவிட்டது.

எல்லாரும் மாறிவிடவில்லை. பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் 2006இல் தொடங்கிய கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி, பெரும்பாலான கத்திகளை இன்றும் 1095இல்தான் செய்கிறது. வாங்குபவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். கரிம அலகில் நாளடைவில் ஏறும் நீலச்சாம்பல் கறையை ரசிப்பவர்களுக்கு எம்390 வெறும் வெள்ளித்தகடு. சுவிஸ் ராணுவக் கத்தியும் 56 ராக்வெல் அளவிலான அடக்கமான துருப்பிடிக்காத எஃகோடே உலகமெங்கும் விற்கிறது. மறுபக்கம், எஸ்30வியையும் மேக்னாகட்டையும் உருக்கிய சிரக்யூஸ் ஆலையின் உரிமையாளரான குரூசிபிள் நிறுவனம் 2024 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கோரி மனுச் செய்தது.