வியன்னாப் பிரசவசாலையும் சுண்ணநீரும்

மருத்துவ நூலைக் கற்றல் ஒன்று. கற்றதனை நோயாளியின் கட்டிலருகே செலுத்துதல் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடைநின்ற வெளியிலே எத்துணைத் தாய்மார் உயிர்துறந்தனர் என்பதற்கு 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வியன்னா நகரத்தில் நிகழ்ந்த வரலாறு ஒன்று சான்றாகும். மகப்பேறு இல்லாத குடும்பம் இல்லையாதலின், நம் சங்கத்து ஆடவரும் பெண்டிரும் ஒருங்கே அறிதற்குரியதெனக் கருதி அதனை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ஆஸ்திரியப் பேரரசின் தலைநகராயிருந்த வியன்னாவில், இரண்டாம் ஜோசப் மன்னரால் 1784-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பெரிய பொது வைத்தியசாலை ஒன்று உண்டு. அதனைச் சேர்ந்த பிரசவசாலை இரு பகுதிகளாயிருந்தது. 1840-ஆம் ஆண்டிற்குப் பின்னர் முதற்பகுதியில் வைத்திய மாணாக்கரும், இரண்டாம் பகுதியில் மருத்துவச்சித் தொழில் பயிலும் பெண்களும் கற்பிக்கப்பட்டு வந்தனர். அங்கு வந்தவர் பெரும்பாலும் ஏழைப் பெண்கள். ஒருநாள் முதற்பகுதிக்கும் அடுத்தநாள் இரண்டாம் பகுதிக்குமாக அவர்களை மாற்றி மாற்றி ஏற்பர். ஒரே ஊர், ஒரே வைத்தியசாலை, ஒத்த நிலையினரான பெண்கள். இருந்தும் 1846-ஆம் ஆண்டில் முதற்பகுதியிற் பிரசவித்த 4,010 பேரில் 459 பேர் இறந்தனர். இரண்டாம் பகுதியில் 3,754 பேரில் இறந்தவர் 105 பேரே. பிரசவ ஜன்னி என்னும் கொடுங்காய்ச்சலே இச்சாவுகட்குப் பெருங்காரணமாயிற்று.

புள்ளிக்கணக்கை ஆராய்ந்து பார்த்தவர் அறியுமுன்னரே பெண்கள் இதனை அறிந்திருந்தனர். முதற்பகுதியின் முறைநாளில் வந்து சேர்ந்தோர், தம்மை இரண்டாம் பகுதியிற் சேர்க்குமாறு முழந்தாளிட்டு அழுது வேண்டினர் என்பர். வழியிலே தெருவோரத்திற் பிள்ளை பெற்றுவிட்டுப் பின்னர் வந்தவர்க்குக்கூட இந்நோய் அரிதாகவே வந்தது! கற்றவர் நிறைந்த கூடத்தினும் வண்டிகள் ஓடும் வீதி தாய்க்கு நன்றாயிருந்ததெனின் அக்கல்வியை என்னென்பது?

1846-ஆம் ஆண்டில் முதற்பகுதியின் துணை மருத்துவராய் அமர்ந்தவர் இக்னாஸ் ஸெம்மெல்வைஸ் என்பவர். இவர் 1818-ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டுப் புடா நகரிற் பிறந்தவர். கெட்ட காற்றே நோய்க்குக் காரணமென அக்காலத்துப் பெரியோர் கூறி வந்தனர். ஒரே கூரையின்கீழ் உள்ள இரு பகுதிகட்கும் காற்று வேறாதல் யாங்ஙனம் என இவர் வினவினார். கூட்ட நெருக்கமே காரணமெனின், பெண்கள் அஞ்சி ஓடிப் புகுந்த இரண்டாம் பகுதியே நெருக்கம் மிக்கதாயிருந்தது. சாவுத்தறுவாயில் உள்ளார்க்குச் சடங்கு செய்யப் பாதிரியார் மணியொலியோடு முதற்பகுதியின் வழியே செல்லுதலால் எழும் அச்சமே நோயாகின்றது என்றுஞ் சிலர் உரைத்தனர். ஸெம்மெல்வைஸ் அவரை மணியின்றி வேறுவழியாற் செல்லச் செய்தார், பயனில்லை. பிரசவ காலத்துப் படுக்கும் நிலையை மாற்றிப் பார்த்தார். அதனாலும் சாவு குறைந்திலது. இவ்வாறு ஒவ்வொன்றாய்க் கழித்துச் சென்ற பொறுமையையே யாம் இவர்பால் முதற்கண் வியக்கின்றோம். தம் கருத்திற்கேற்ப உண்மையை வளைப்பார் எக்காலத்தும் பலர். உண்மை வெளிப்படுமளவும் தம் கருத்தைத் தள்ளிக்கொண்டே செல்வார் மிகச் சிலர்.

1847-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இவர் வெனிஸ் நகரம் சென்று மீண்டபொழுது, நண்பர் கொல்லெட்ஷ்கா என்பார் இறந்த செய்தி காத்திருந்தது. பிணத்தை அறுத்துச் சோதிக்கையில் மாணாக்கன் ஒருவனது கத்தி அவர் விரலிற் பட்டது; அப்புண் விடமாகி உடல் முழுதும் பரவிக் கொன்றது. அவருடலைச் சோதித்த குறிப்பைப் படித்த ஸெம்மெல்வைஸ் திடுக்குற்றார். பிரசவ ஜன்னியால் மாண்ட பெண்களின் உடலிற் கண்ட கேடுகளே அந்த ஆடவரின் உடலிலும் காணப்பட்டன. பிணத்தின் அணுக்கள் கத்தியின் வழியாக நண்பர் உடலிற் புகுந்தன. அவ்வணுக்களே மாணாக்கரும் தாமும் பிணச்சோதனை முடித்து நேரே பிரசவசாலைக்கு வந்து தாய்மாரைப் பரிசோதிக்கையிற் கைகளின் வழியாகப் புகுகின்றன என்று துணிந்தார். மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை. இரண்டாம் பகுதி பிழைத்தமைக்குக் காரணம் அவர்தம் கல்வியன்று, கைகளே.

சோப்பு இட்டுக் கழுவினும் பிணநாற்றம் கையை விட்டு நீங்குவதில்லை. ஆகவே நாற்றத்தைக் கெடுப்பது அணுக்களையும் கெடுக்குமென எண்ணி, 1847-ஆம் ஆண்டு மே மாதத்தின் நடுவில், குளோரின் கலந்த நீரிற் கைகளைக் கழுவியபின்னரே எவரும் உள்ளே புகல்வேண்டுமென விதித்தார். பின்னர் விலை குறைந்த குளோரின் சுண்ணாம்பைக் கொண்டார். இக்காலத்து நகராட்சியார் தூவும் பிளீச்சிங் பவுடர் இதன் இனத்ததே. அவ்வாண்டு ஏப்ரலில் முதற்பகுதியிற் பிரசவித்த 312 பேரில் 57 பேர் இறந்திருந்தனர். ஜூனில் 268 பேரில் 6 பேரும், ஜூலையில் 250 பேரில் 3 பேருமே இறந்தனர். 1848-ஆம் ஆண்டு முழுமையும் 3,556 பேரில் 45 பேர். இரண்டாம் பகுதியில் 3,219 பேரில் 43 பேர். இருபகுதிகளும் ஒத்துவிட்டன.

இடையே ஒரு துன்பமும் நேர்ந்தது. 1847 அக்டோபரில் கருப்பையிற் புற்றுநோயுடைய பெண்ணொருத்தி முதற்கட்டிலிற் கிடந்தாள். அவளைத் தொட்ட மருத்துவர் சோப்பினால் மட்டும் கழுவிக்கொண்டு வரிசையாகப் பிறரையும் தொட்டனர். உடன் பிரசவித்த 12 பேரில் 11 பேர் இறந்தனர். பிணமேயன்றி, உயிருள்ள உடலில் அழுகிய பொருளும் இந்நோயைத் தருமென அறிந்து, ஒவ்வொரு நோயாளியைத் தொட்டபின்னும் கழுவவேண்டுமென விதியை விரித்தார்.

இத்துணைத் தெளிவான கணக்கைக் கண்டும் வியன்னாவின் மூத்த பேராசிரியர் பலர் ஏற்றிலர். தம் கைகளே தாய்மாரைக் கொன்றன என ஒப்புதல் எளிதோ? ஜெர்மனியின் கீல் நகரத்து மிக்கேலிஸ் என்னும் மருத்துவர் அதனை ஒப்பினார். தாம் பிரசவம் பார்த்த உறவினள் ஒருத்தி இந்நோயால் மாண்டதை எண்ணி எண்ணித் துயர் தாங்காது 1848-ஆம் ஆண்டில் உயிர்நீத்தார். ஸெம்மெல்வைஸிடத்தும் குறையுண்டு. தம் கண்டுபிடிப்பை அவர் நெடுங்காலம் எழுதிலர். நண்பர்களே அவருக்காக எழுதினர். அவர் தாமே நூல் வெளியிட்டது 1861-ஆம் ஆண்டில்தான். அப்பொழுதும் மறுத்தோரைக் கொலைஞரென இகழ்ந்து பகிரங்கக் கடிதங்கள் விடுத்தார். வன்சொல்லால் உண்மைக்கு ஒரு பகைவர் கூடினரேயன்றி நண்பர் கூடிலர் என்பது எம் கருத்து. ஆயினும், வியன்னாவை நீங்கிப் பெஸ்ட் நகரத்துப் புனித ரோக்கஸ் வைத்தியசாலையில் அவர் பணிபுரிந்த 1851 முதல் 1857 வரையில் 933 பிரசவங்களில் இந்நோயால் இறந்தவர் 8 பேரே என்பதை நோக்குமிடத்து அவர்தம் சினத்தைப் பொறுத்தல் தகும்.

இதனைப் படிக்கும் அன்பர் சிலர், இழவு வீடு சென்றவர் நீராடியன்றி மனைபுகாத வழக்கம் நம் முன்னோர் கண்டதன்றோ எனப் பெருமை கொள்ளலாம். அவ்வழக்கம் நன்றே. ஆனால் அவ்வழக்கத்தையுடைய வீடுகளே பிள்ளை பெற்றவளைத் தீட்டென்று காற்றும் வெளிச்சமும் அற்ற அறையில் ஒதுக்கின. கொப்பூழ்க்கொடியை அகப்பட்ட அரிவாளாலோ கத்தியாலோ அறுக்கவும் விட்டன. அதனால் இரண ஜன்னி கண்டு, பிறந்த சின்னாட்களில் வாய் கிட்டித்து உடல் விறைத்து இறந்த மகவுகளுக்கு எல்லையில்லை. தாயைத் தொடலாகாது என்ற தீட்டு, தாயைத் தொடும் கை எதனைத் தொட்டு வந்தது என ஒருநாளும் வினவியதில்லை. தாய்மார்க்குத் தடுப்பூசியும் தூய கருவியும் பரவிய பின்னரே, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் மகவுகளுக்கு ஒன்றிற்கும் குறைவாக அந்நோய் ஒடுங்கியதென 2015-ஆம் ஆண்டில் இந்தியா பற்றி உறுதி செய்யப்பட்டது.

ஸெம்மெல்வைஸ் மனநிலை திரிந்து 1865 ஜூலை இறுதியில் வியன்னாவில் மனநோயாளர் விடுதி ஒன்றில் அடைக்கப்பட்டார். ஆகஸ்டு 13-ஆம் நாள், தம் 47-ஆம் வயதில், புண் விடமாகி இரத்தத்திற் பரவி இறந்தார். நண்பரைக் கொன்றதும் அதுவே. அதற்கு முதல்நாள் கிளாஸ்கோ நகரத்தில் ஜோசப் லிஸ்டர் என்பார், கால் முறிந்த சிறுவனொருவனின் புண்ணைக் கார்பாலிக் அமிலத்தாற் கட்டித் தம் புதுமுறையைத் தொடங்கியிருந்தார். 1879-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவக் கழகத்தில் பிரசவ ஜன்னியைப் பற்றி ஒருவர் வேறு காரணம் உரைத்துக்கொண்டிருக்கையில், லூயி பாஸ்டர் இடைமறித்தார்; சங்கிலிபோற் கோத்த நுண்ணுயிர்களைக் கரும்பலகையில் வரைந்து காட்டி, இவையே அந்நோயைத் தருவன என்றார். புடாபெஸ்ட் நகரத்து மருத்துவப் பல்கலைக்கழகம் 1969-ஆம் ஆண்டு முதல் ஸெம்மெல்வைஸ் பெயரைத் தாங்கி நிற்கின்றது.