கல்நெஞ்சும் மாரி மழையும்

ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' 1623ஆம் ஆண்டுத் தொகுப்பில் இன்பியல் நாடகங்களுள் ஒன்றாக அச்சேறியது. பம்மல் சம்பந்த முதலியார் அதனை 'வாணீபுர வணிகன்' எனத் தமிழில் தழுவினார். அவரது நாடகங்களைக் கலையரசு சொர்ணலிங்கம் இலங்கை மேடைக்குக் கொண்டுவந்தார்.

ஷைலொக்கின் நெஞ்சைவிட இறுகியது எதுவென வழக்குமன்றத்தில் கேட்கும் அன்டோனியோ, அதை யூத நெஞ்சு என்றே அழைக்கிறான். தமிழில் கல்நெஞ்சன் என்பது தனியொருவன் மீதான வசை. மூலத்திலோ அது ஒரு சமூகத்தின் மீது குத்தப்படும் முத்திரை. அந்த அடைமொழியை விட்டுவிட்டால் நாடகத்தின் குற்றம் மறையும். வைத்தால் சபை சிரிக்கும். வைக்கத்தான் வேண்டும் என்பேன். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது அப்போதுதான் தெரியும்.

போர்ஷியா கருணையை மழைக்கு ஒப்பிடுகிறாள். மாரி பிறந்ததும் மண் நெகிழ்ந்து இரணைமடு நிறையும் வன்னியில் இவ்வுவமைக்கு விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் தீர்ப்பின் முடிவில் ஷைலொக்கின் மார்க்கமே பறிக்கப்படுகிறது. அந்த மழை அவன்மேல் பெய்யவில்லை.

இது வன்னிக்கு அந்நியமான கதையல்ல. 1990 அக்டோபரில், மாரி தொடங்கும் காலத்தில், கிளிநொச்சி, முல்லைத்தீவு உள்ளிட்ட வடபுலத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அங்கும் மனிதர்கள் தனித்தனியாகப் பார்க்கப்படவில்லை. சமூகத்தின் பெயரே குற்றச்சாட்டானது.

ஆயினும் நாம் பிறரை மட்டும் கல்நெஞ்சர் என்று சொல்லித் தப்ப முடியாது. உள்ளம் இறுகிப்போகும் ஆபத்தை அல்ஹதீத் அத்தியாயம் விசுவாசிகளுக்கே எச்சரிக்கிறது. அடுத்த வசனமோ, இறந்த பூமியை அல்லாஹ் உயிர்ப்பிப்பதை நினைவூட்டுகிறது. இறுக்கம் எந்தச் சமூகத்துக்கும் பிறவிக்குணமல்ல.